'தேர்வு' என்றால் பரீட்சை மட்டும்தானா? கற்றலில் மாணவர் விருப்பம்: ஓர் எளிய விளக்கம்

தமிழில் 'தேர்வு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று பரீட்சை. இன்னொன்று, பலவற்றில் நமக்கு வேண்டியதை நாமே எடுத்துக்கொள்வது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்றுதான் அதன் மனம் ஓடும்.

இரண்டாவது பொருள் நம் பள்ளிகளில் தலைகாட்டும் இடம் ஒன்று உண்டு. அது வினாத்தாள். 'எவையேனும் ஐந்து வினாக்களுக்கு விடையளிக்க' என்று எட்டுக் கேள்வி கொடுத்திருப்பார்கள். நெடுவினாக்களுக்கு நடுவே 'அல்லது' என்று போட்டிருப்பார்கள். எதை முதலில் படிக்கலாம், எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளலாம், தெரிந்துகொண்டதை எப்படிக் காட்டலாம் என்று ஆண்டு முழுவதும் யாரும் கேட்காத பிள்ளைக்கு, பரீட்சை அறையில் மட்டும் இந்த உரிமை கிடைக்கிறது. அப்புறம் பத்தாம் வகுப்பு முடிந்ததும் திடீரென்று ஒரு பெரிய கேள்வி வந்து நிற்கும்: 'எந்த குரூப் எடுக்கப் போறே?' சின்ன விஷயத்தில்கூடத் தேர்ந்தெடுத்துப் பழகாத பிள்ளை எதிர்காலத்தையே திருப்பிவிடும் ஒன்றைச் சில நாட்களில் முடிவு செய்ய வேண்டும். பல வீடுகளில் அந்த முடிவை மதிப்பெண்ணோ அப்பாவோ எடுத்துவிடுகிறார்கள்.

பிள்ளைகள் கற்கும்போதே தேர்ந்தெடுக்கவும் பழக வேண்டும், அதற்குப் பள்ளியும் வீடும் இடம் கொடுக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் பேசப்போகும் கருத்து. கல்வித் துறையில் இதற்குப் பல பெயர்கள் இருக்கின்றன. பெயர் இருக்கட்டும், விஷயத்துக்கு வருவோம்.

சுதந்திரம் ஒரே திருகு இல்லை

'பிள்ளைகளுக்குச் சுதந்திரம் கொடுக்கணும்' என்று சொன்னவுடன் பெரும்பாலோர் மனத்தில் வருவது ஒரே படம்: வகுப்பில் ஒருவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், ஒருத்தி வெளியே ஓடுகிறாள், ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். இந்தப் பயம் நியாயமானது. ஆனால் சுதந்திரத்தை ஒரே துண்டாக நினைப்பதால் வருவது அது.

வீட்டு கேஸ் அடுப்பில் ஒவ்வொரு பர்னருக்கும் தனித் திருகு இருக்கிறதல்லவா? ஒன்றைக் கூட்டி வைத்து இன்னொன்றைச் சிம்மில் வைக்கலாம். கற்றலிலும் அப்படித்தான். எதைப் படிப்பது என்பது ஒரு திருகு. எந்த வரிசையில் என்பது இன்னொன்று. எந்த வேகத்தில், யாரோடு சேர்ந்து, படித்ததை எந்த வடிவில் காட்டுவது என்று ஒவ்வொன்றும் தனித்தனி. வகுப்புக்கு வருவதா வேண்டாமா என்பதுகூட ஒரு திருகுதான், அதைத் திறந்துவிட்ட பள்ளியும் உலகத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. உலகத்தில் பேர்பெற்ற 'சுதந்திரப் பள்ளி'களைக் கவனித்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் வேறு வேறு திருகைத்தான் திறந்திருக்கிறது.

டோக்கியோவில் 1937-இல் சொசாகு கொபயாஷி என்ற ஆசிரியர் தொமோயி என்று ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். பழைய ரயில் பெட்டிகள்தான் வகுப்பறை. அங்கே படித்த ஒரு மாணவியின் நினைவுகள் தமிழிலும் வந்து, இங்கே பல ஆசிரியர்கள் மனத்தில் பதிந்த பள்ளி அது. அன்றைக்கு முடிக்க வேண்டிய எல்லாப் பாடங்களின் கேள்விகளையும் ஆசிரியர் காலையிலேயே கரும்பலகையில் எழுதிவிடுவார். எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். ஒருவர் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பார், பின்னால் ஒருவர் விளக்கை ஏற்றி அறிவியல் சோதனை செய்துகொண்டிருப்பார். நாள் முடிவதற்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். அதாவது, பாடத்தில் மாற்றமில்லை, வரிசை மட்டும் பிள்ளையின் கையில். இதில் ஆசிரியருக்கும் ஒரு பெரிய லாபம் இருந்தது. எந்தப் பிள்ளை எதை ஆசையாக முதலில் எடுக்கிறது, எதைத் தள்ளித் தள்ளிப் போடுகிறது என்பது ஒரு பரீட்சையும் வைக்காமலே அவருக்குத் தெரிந்துவிடும். 1945-இல் குண்டுவீச்சில் அந்தப் பள்ளி எரிந்துபோனது.

மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் திறந்தது வேறு திருகு. அலமாரியில் கருவிகள் இருக்கும். பிள்ளை தனக்குப் பிடித்ததை எடுக்கலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அதோடு இருக்கலாம், முடித்ததும் எடுத்த இடத்தில் வைத்துவிட வேண்டும். ஆனால் அலமாரியில் எது இருக்கிறது என்பதைப் பெரியவர்கள் மிகவும் யோசித்து முடிவு செய்திருப்பார்கள். மாண்டிசோரிக்கும் நமக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1939-இல் சென்னை அடையாறுக்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர், போர் மூண்டதால் பல ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்கினார். அதில் கொஞ்ச காலம் கொடைக்கானலில் இருந்தார்.

இங்கிலாந்தின் சம்மர்ஹில் பள்ளிதான் கடைசித் திருகையும் திறந்தது. ஏ.எஸ்.நீல் 1921-இல் தொடங்கிய அந்தப் பள்ளியில் வகுப்புக்குப் போவது பிள்ளையின் விருப்பம். பள்ளியின் விதிகளைக் கூட்டம் போட்டு முடிவு செய்வார்கள். அதில் சின்னப் பிள்ளைக்கும் ஒரு ஓட்டு, ஆசிரியருக்கும் ஒரு ஓட்டு. 1999-இல் அரசு ஆய்வாளர்கள் இதைக் கடுமையாகக் குறை சொல்ல, விவகாரம் தீர்ப்பாயம் வரை போனது. 2000-இல் அரசுத் தரப்பு சமரசத்துக்கு இறங்கி வந்தபோது, அதை ஏற்கலாமா என்று முடிவு செய்ய மாணவர்கள் லண்டன் நீதிமன்ற அறையிலேயே தங்கள் பள்ளிக் கூட்டத்தை நடத்தி ஓட்டுப் போட்டார்கள். எனக்கு அந்தக் காட்சி மிகவும் பிடிக்கும். ஆனாலும் அந்தப் பள்ளியை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அது குறைந்த எண்ணிக்கைப் பிள்ளைகள் கட்டணம் கட்டித் தங்கிப் படிக்கும் இடம்.

நம் ஊரில் நடந்தது

வெளிநாட்டுக் கதைகளைச் சொன்னால், 'நம்ம ஊர்ல இதெல்லாம் நடக்குமா?' என்று கேட்பார்கள். நடந்தது. அதுவும் பணக்காரப் பள்ளியில் இல்லை, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில்.

ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷிவேலி இருக்கிறது. ஜே.கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய பள்ளி. அதைச் சுற்றியுள்ள கிராமத்துப் பிள்ளைகளுக்காக, ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சமாளிக்கும் சிறு பள்ளிகளில், பாடங்களை அட்டைகளாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் முறை ஒன்றை அங்கே உருவாக்கியிருந்தார்கள். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமாரின் முயற்சியில் மாநகராட்சி ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்தார்கள். 2003-இல் 13 பள்ளிகளில் சோதனையாகத் தொடங்கினார்கள். பிறகு மாநகராட்சியின் மற்றப் பள்ளிகளுக்கும் போய், 2007-08 கல்வியாண்டில் தமிழ்நாடு முழுவதும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 1 முதல் 4 வகுப்பு வரை நடைமுறைக்கு வந்தது. செயல்வழிக் கற்றல் என்று பெயர். ஆசிரியர்கள் ஏ.பி.எல். என்றுதான் சொல்வார்கள்.

அந்த வகுப்பறை எப்படி இருந்தது தெரியுமா? பெஞ்சு கிடையாது. பாய் விரித்திருக்கும். ஆசிரியரும் அதே பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார். சுவரைச் சுற்றிலும் கீழ்மட்டத்தில், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, அதில் ஒவ்வொருவருக்கும் தனி இடம். வருகையைப் பிள்ளைகளே பதிவு செய்வார்கள். வரைந்ததையும் எழுதியதையும் தலைக்கு மேலே கட்டிய கம்பியில் தொங்கவிட்டிருப்பார்கள்.

பாடம் சின்னச் சின்னப் படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அந்தப் படிகளை ஏணி போல வரைந்து சுவரில் மாட்டியிருப்பார்கள். ஒவ்வொரு படிக்கும் அட்டைகள், ஒவ்வோர் அட்டையிலும் ஒரு படச் சின்னம். பிள்ளை ஏணியில் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்க்கும், தனக்குரிய அட்டையைத் தானே போய் எடுக்கும். இந்த வேலைக்கு ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டுமா, இன்னொரு பிள்ளையின் உதவி போதுமா, தனியாகவே செய்துவிடலாமா என்பதைச் சின்னத்தை வைத்தே தெரிந்துகொண்டு அந்தக் குழுவில் போய் உட்காரும். ஒரு படி தேறிவிட்டால் அடுத்தது. தேறவில்லையென்றால் அதே படிக்கு இன்னும் கொஞ்சம் பயிற்சி. 'நீ பெயில்' என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

இந்த முறை திறந்தது வேகம் என்ற திருகை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பள்ளிக்குத் தொடர்ந்து வர முடியாத பிள்ளையைக் கேட்டால்தான் தெரியும். செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ பெற்றோர் போகும்போது கூடவே போய்விட்டு ஒரு மாதம் கழித்து வரும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். சாதாரண வகுப்பில் பாடம் இதற்குள் எங்கோ போயிருக்கும். அது பின் வரிசையில் உட்கார்ந்து, புரியாததை வேடிக்கை பார்க்கும். சில நாளில் நின்றுவிடும். ஏணிப்படி வகுப்பிலோ அது விட்ட அட்டையை எடுத்து விட்ட இடத்தில் தொடங்கலாம். என்னைக் கேட்டால், கற்றலில் சுதந்திரம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. இது வசதியுள்ள பிள்ளைக்குக் கிடைக்கும் கூடுதல் சலுகை இல்லை. யார் கடைசியில் நிற்கிறாரோ அவருக்கு முதலில் தேவைப்படுவது.

குறைகளும் இருந்தன. ஏணி எல்லோருக்கும் ஒரே ஏணி, வரிசையை மாற்றப் பிள்ளைக்கு உரிமை இல்லை. 'புத்தகம் எங்கே, வீட்டுப்பாடம் எங்கே, பிள்ளைங்க விளையாடிக்கிட்டே இருக்காங்களே' என்ற கேள்வி பெற்றோருக்கு எழுந்ததும் இயல்புதான். அட்டைகள் தொலைந்து ஆசிரியரும் பற்றாமல் போனால் இது வெறுமனே அட்டை நகர்த்தும் வேலையாகிவிடும். பின்னால் இந்த முறை எளிமையாக்கப்பட்டு, மாறிக்கொண்டே வந்தது. 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கும் எண்ணம் அதிலும் தொடர்கிறது.

இது ஏன் வேலை செய்கிறது?

அமெரிக்க உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் உருவாக்கிய சுயநிர்ணயக் கோட்பாடு ஒன்று உண்டு. மனிதர்கள் ஒரு வேலையில் மனம் ஒன்றி ஈடுபட மூன்று வேண்டும் என்கிறது அது: இதை நானாக விரும்பிச் செய்கிறேன் என்ற உணர்வு, என்னால் முடியும் என்ற நம்பிக்கை, கூட இருப்பவர்களோடு ஓர் ஒட்டுதல். மூன்றில் எது குறைந்தாலும் ஆர்வம் வடியும்.

1973-இல் வெளியான ஓர் ஆய்வு பெற்றோர் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம் 'வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு' என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒரு குழுவுக்கு வரைந்து முடித்த பிறகு எதிர்பாராமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, விருப்பப்படி விளையாடும் நேரத்தில் பார்த்தபோது, பரிசு ஆசை காட்டப்பட்ட குழு மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தது. தானாகச் செய்துகொண்டிருந்தது பரிசுக்காகச் செய்வதாக மாறியதும் ஆசை சுருங்கிவிட்டது. 'முதல் ரேங்க் எடுத்தா சைக்கிள்' என்று சொல்வதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

இன்னோர் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 1999-இல் வெளியிட்டது. எழுத்துகளை மாற்றி அடுக்கிச் சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டை ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். சிலர் எந்தப் புதிர் என்று தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். சிலருக்கு ஆய்வாளர் தேர்ந்தெடுத்தார். சிலரிடம், 'இது உங்க அம்மா உனக்காகத் தேர்ந்தெடுத்தது' என்று சொல்லப்பட்டது. வெள்ளை அமெரிக்கப் பிள்ளைகள் தாமே தேர்ந்தெடுத்தபோதுதான் மிக நன்றாகச் செய்தார்கள். ஆசிய வம்சாவளிப் பிள்ளைகளோ அம்மா தேர்ந்தெடுத்தது என்று கேட்டபோது இன்னும் நன்றாகச் செய்தார்கள். முன்பின் தெரியாத ஆய்வாளர் எடுத்துக் கொடுத்தது இரு பக்கத்துப் பிள்ளைகளையும் அவ்வளவாக இழுக்கவில்லை.

'பார்த்தீங்களா, நம்ம பிள்ளைங்களுக்கு அம்மா அப்பா சொன்னாலே போதும்' என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பிள்ளைகள் சீன, ஜப்பானிய வம்சாவளியினர், நம் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு இல்லை. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு. தன்மேல் அக்கறை உள்ளவர் தன்னை மனத்தில் வைத்து எடுத்த முடிவைப் பிள்ளை தன் முடிவாகவே உணர முடியும். ஆகவே கட்டாயப் பாடத்தைக்கூடப் பிள்ளைக்கு உரியதாக்க வழி இருக்கிறது. ஏன் இதைப் படிக்கிறோம் என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 'சிலபஸ்ல இருக்கு, படி' என்பது அந்த முன்பின் தெரியாத ஆய்வாளரின் குரல்.

எங்கே கவனம் தேவை

தொடக்க நிலையில் இருப்பவருக்கு அளவுக்கு மீறிய சுதந்திரம் உதவாது. ஒரு பாடத்தில் அடிப்படையே தெரியாத பிள்ளையிடம் 'நீயே கண்டுபிடி' என்றால் அது தவித்துப்போகும். கல்வி ஆய்வாளர்கள் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006-இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் அழுத்திச் சொன்னார்கள்: புதிதாகக் கற்பவருக்குத் தெளிவான வழிகாட்டல் வேண்டும், பழகப் பழகத்தான் அதைக் குறைக்கலாம். கிணற்றில் நீச்சல் பழக்குகிறவர்கள் இதைக் கட்டுரை இல்லாமலே செய்கிறார்கள். முதலில் இடுப்பில் கயிறு, அப்புறம் சுரைக்குடுக்கை, பிறகுதான் கையை விடுவது. ஆகவே புதிய பாடத்தை ஆசிரியர் நன்றாக விளக்கிச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். விருப்பத்துக்கான இடம் பயிற்சியில் வரும்.

எண்ணிக்கையும் முக்கியம். அதே ஐயங்காரும் லெப்பரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், கூடுதல் மதிப்பெண்ணுக்காகக் கட்டுரை எழுதலாம் என்று கல்லூரி மாணவர்களிடம் சொன்னார்கள். சிலருக்கு 6 தலைப்பு, சிலருக்கு 30. ஆறு கொடுத்தபோது அதிகம் பேர் எழுதினார்கள், எழுதியதும் நன்றாக இருந்தது. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் இதே முடிவைத் தரவில்லை. ஆனால் வகுப்பில் என் சொந்த அனுபவம் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. எங்கள் தெருவில் மாலையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். முதன்முதலில் ஆர்வக்கோளாறில், 'இன்னைக்கு உங்களுக்கு என்ன பிடிக்குதோ அதை எழுதுங்க' என்றேன். கால் மணி நேரம் ஒரே மௌனம். கடைசியில் ஒரு பெண், 'அக்கா, நீங்களே சொல்லிடுங்க' என்றாள். மறுநாள் மூன்றே மூன்று கொடுத்தேன்: தெருமுனை டீக்கடை, நேற்று வந்த கனவு, கோபம் வந்த ஒரு நாள். மடமடவென்று எழுதினார்கள்.

போலித் தேர்வு என்று ஒன்றும் உண்டு. சார்ட்டுக்கு நீலக் கலரா பச்சைக் கலரா என்று கேட்பது. எதை எடுத்தாலும் ஒன்றும் மாறப்போவதில்லை என்பது பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும். பிள்ளை எடுத்த முடிவைப் பாதியில் பிடுங்கிக்கொள்வது இதைவிட மோசம். 'நீயே எடுத்துக்கோ' என்று சொல்லிவிட்டு, எடுத்த பிறகு 'இதையா எடுத்தே?' என்று முகம் சுளித்தால், அடுத்த முறை அது நம் முகத்தைப் பார்த்துத்தான் எடுக்கும்.

எப்படித் தொடங்குவது

ஒரு திருகு போதும். வீட்டில் என்றால் வரிசையைத் திறப்பது எளிது: வீட்டுப்பாடத்தில் எதை முதலில் முடிப்பது, விளையாடிவிட்டு உட்காருவதா உட்கார்ந்துவிட்டு விளையாடுவதா என்பது பிள்ளையின் முடிவு. ஒரு வாரம் அது தவறாகப் போனாலும் விட்டுவிடுங்கள். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குக் கணக்கு நோட்டோடு தானே உட்காரும்போது அது கற்றுக்கொள்வதை நாம் சொல்லிப் புரியவைக்க முடியாது.

வகுப்பில் என்றால், பத்துக் கணக்கில் ஏதாவது ஆறு, பத்துக் குறளில் பிடித்த ஐந்து என்று தொடங்கலாம். ஏன் அந்த ஐந்தை எடுத்தாய் என்று ஒரு வரி எழுதச் சொன்னால் அதுவே நல்ல மொழிப் பயிற்சி. எப்போதும் எளிதானதையே எடுக்கும் பிள்ளை இருக்கத்தான் செய்யும். உரிமையைப் பறிக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து காரணத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் அது சோம்பலாக இருக்காது. தப்பாகிவிட்டால் எல்லோரும் சிரிப்பார்களோ என்ற பயமாக இருக்கும்.

இதனால் ஆசிரியருக்கு வேலை குறையும் என்று நினைக்காதீர்கள், கூடும். மூன்று வாய்ப்புக் கொடுக்க மூன்றையும் முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும். மூன்றும் ஒரே திறனைத்தான் வளர்க்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அறுபது பேர் உள்ள வகுப்பில் தினமும் இது முடியாது. வாரம் ஒரு பாடவேளை முடியும்.

காட்டும் வடிவத்தைத் திறந்துவிட்டதில் எனக்குக் கிடைத்த ஒன்றைச் சொல்கிறேன். அளவைகள் பாடம். புத்தகக் கணக்கைப் போடலாம், வீட்டை அளந்து படம் வரையலாம், அல்லது வீட்டில் யாராவது அளக்கும் வேலை செய்தால் அதைக் கவனித்து எழுதலாம் என்றேன். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி அம்மாவின் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து, ஜாக்கெட்டுக்கு அளவெடுத்த நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தாள். வரும்போது டேப்பையும் எடுத்து வந்திருந்தாள். 'அக்கா, புத்தகத்துல சென்டிமீட்டர்னு இருக்கு. அம்மா முப்பத்தாறுன்னு சொல்றாங்க, ஆனா இந்தப் பக்கம் வச்சுப் பார்த்தா தொண்ணூத்தொண்ணு வருது. எது சரி?' எனக்கு அன்றைக்கு வேறு பாடம் திட்டத்தில் இருந்தது. அதை எடுத்து வைத்துவிட்டோம். டேப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து, ஓர் அங்குலத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று இருட்டும் வரை அளந்துகொண்டிருந்தார்கள்.